புதுப்பிக்காத வீடுதான் வேண்டும்

அடுப்புக்கு மேலே ஒரு பெட்டி. அதன் பொத்தானை அமுக்கினால் மாவு மில் ஓடுவதுபோல் இரைச்சல் கிளம்பும். தாளிக்கிற புகை மேலே எழுந்து பெட்டிக்குள் போகும். வெளியே போய்விட்டது என்று நம்பி நிமிர்ந்தால், பெட்டியின் நெற்றியில் இருக்கிற சின்னச் சின்னத் துளைகள் வழியாக அதே புகை நம் முகத்தில் வந்து அடிக்கும். டெக்சாஸ் மாநிலத்தின் ரிச்சர்ட்சன் என்னும் இந்த ஊருக்கு வந்த புதிதில், இயந்திரம் கெட்டுவிட்டது என்று நினைத்து எங்கள் குடியிருப்பு வளாகத்தின் அலுவலகத்துக்குச் சொன்னேன். ஆள் வந்தார். பொத்தானை அமுக்கி, துளைகளுக்கு நேராகக் கையை நீட்டிக் காற்று வருகிறதா என்று பார்த்தார். நன்றாக வேலை செய்கிறதே என்றார். புகை திரும்ப வருகிறது என்றேன். ஆமாம், திரும்பத்தான் வரும் என்றார். நான் குறையைச் சொல்கிறேன் என்பது அவருக்குப் புரியவில்லை. அவர் சொன்னதுதான் பதில் என்பது எனக்குப் புரியவில்லை.

‘ரெனவேடட்’ வீடு என்று இங்கே பெருமையாகச் சொல்வார்கள். புதுப்பித்த வீடு என்று அர்த்தம். அந்தப் பெட்டியும் அப்படிப்பட்ட வீட்டின் லட்சணங்களில் ஒன்று என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஊரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும், வீட்டுக்காரர் மாடியிலேயே இருக்கிறாரா, கறி சமைத்தால் ஒன்றும் சொல்ல மாட்டார்களா என்று கேட்போம். இங்கே அந்தக் கேள்விகளுக்கு வேலையில்லை. கேட்க வேண்டியவை வேறு. அவற்றை நான் கற்றுக்கொண்ட விதத்தை நினைக்கவே பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். பெட்டி கட்டிக்கொண்டு விமானம் ஏறக் காத்திருப்பவர்கள் படிக்கட்டும். ஏற்கெனவே வந்துவிட்டு, வெள்ளைச் சமையலறை முன்னால் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பிக்கொண்டிருப்பவர்களும் படிக்கட்டும்.

நாங்கள் ஈரோட்டுக்காரர்கள். என் கணவர் ஒரு நூற்பாலையின் கணினிப் பிரிவில், இன்று யாரும் விரும்பிப் படிக்காத பழைய கணினி மொழி ஒன்றில் இருபது வருடம் வேலை பார்த்தவர். இரண்டாயிரமாவது வருடம் பிறந்தால் கணினிகளெல்லாம் குழம்பிவிடும் என்று உலகம் பயந்தபோது, அந்த மொழி தெரிந்தவர்களுக்குத் திடீரென்று கிராக்கி வந்தது. நாற்பத்தைந்து வயதில் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு நேர்முகத் தேர்வுக்குப் போனார். தொண்ணூற்றெட்டில் இங்கே வந்துவிட்டோம். நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். எங்கள் மகள் காவ்யாவுக்கு அப்போது எட்டு வயது. கல்யாணமாகிப் பல வருடம் காத்திருந்து பிறந்தவள். அவள் தும்மினால் எனக்குக் காய்ச்சல் வரும். பயந்தாங்கொள்ளித் தாய் என்று என் பின்னால் பேசுவார்கள். பேசட்டும்.

இங்கே வீட்டுக்காரர் என்று ஒரு மனிதர் கிடையாது. நூற்றுக்கணக்கான வீடுகள் கொண்ட ஒரு வளாகம், அதன் முகப்பில் ஓர் அலுவலகம், அலுவலகத்தில் கெல்லி என்ற பெண். எங்களைப் பார்த்ததும் பல வருடம் பழகியவள்போல் சிரித்தாள். உள்ளே அப்போதுதான் சுட்ட பிஸ்கட் வாசனை. வீடு பார்க்க வருபவர்களுக்கு அதைக் கொடுத்த பிறகுதான் பேச்சே. பிறகு ‘மாடல்’ என்று ஒரு வீட்டைத் திறந்து காட்டினாள். சோபா, விரிப்பு, சுவரில் படம், மேஜையில் ஆப்பிள் கூடை. குடி வருபவர்களுக்குக் கொடுக்கிற வீடு அதுவல்ல, காட்டுவதற்கென்றே வைத்திருக்கிற வீடு என்பது எங்களுக்குத் தெரியாது. என் கணவர் தயங்கித் தயங்கி, இந்தச் சாமான்களெல்லாம் எங்களோடு இருக்குமா என்று கேட்டார். கெல்லி அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு நெடுநேரம் சிரித்தாள். அதற்குள் காவ்யா ஓர் ஆப்பிளை எடுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இது பிளாஸ்டிக்" என்று என்னிடம் கொடுத்தாள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

வளாகத்தில் மூன்று விதமான வீடுகள் இருந்தன. கட்டிய நாளில் இருந்தபடியே இருப்பது ‘ஒரிஜினல்’. பழுப்பு மர அலமாரி, மெழுகுத்துணிபோல் வழவழப்பான மஞ்சள் தரை, தனியாகக் குறுகலான ஒரு சமையலறை. அதற்குப் புதிதாகச் சாயம் அடித்துத் தரைவிரிப்பு ஒட்டியது ‘கிளாசிக்’. எல்லாவற்றையும் உடைத்துச் செய்தது ‘பிரீமியம்’. அதில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே சுவர் இல்லை. சமையலறையில் இருந்த சன்னலை அடைத்துவிட்டு அந்தச் சுவர் முழுக்க வெள்ளை அலமாரி மாட்டியிருப்பார்கள். புகைபோக்கி இருந்த ஓட்டையையும் மூடிவிட்டு, நான் முதலில் சொன்ன அந்தப் பெட்டியை வைத்திருப்பார்கள். கூடத்தில் சுவரளவுக்கு ஒரே கண்ணாடி, அது திறக்காது. குளியலறை வாசல் வரைக்கும் தரைவிரிப்பு. என் கணவர் நூற்பாலையில் இயந்திரச் சாமான் வாங்குவதைப் பார்த்துப் பழகியவர். ஒரிஜினல் என்றால் அசல், மற்றதெல்லாம் போலி என்பது அவர் கணக்கு. எங்களுக்கு ஒரிஜினலே கொடுங்கள் என்று கெல்லியிடம் சொல்லிவிட்டார்.

எங்களைக் காரில் அழைத்துவந்த ப்ரியாதான் குறுக்கே விழுந்தாள். இவரோடு வேலை பார்க்கிற பையனின் மனைவி, சென்னைப் பெண், அதே வளாகத்தில் இருப்பவள். "அய்யோ அங்கிள், ஒரிஜினல்னா இங்க ஓல்டு. பேக் சைடு பில்டிங்ல இருக்கும், காக்ரோச் எல்லாம் வரும். பேசாம பிரீமியம் எடுங்க. நாங்களும் அதான் எடுத்தோம். போட்டோல சூப்பரா இருக்கும், ஆன்ட்டி." நாற்பத்து மூன்று வயதில் முதல்முறையாக ஒருத்தி என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்ட அதிர்ச்சியில் நான் வேறெதையும் யோசிக்கவில்லை. பிரீமியம் எடுத்தோம்.

குடிபோன அன்று வழக்கம்போல் பால் காய்ச்சினோம். பால் பொங்கி வழிய வேண்டும் அல்லவா. வழிந்தது. மின்சார அடுப்பின் சிவந்த சுருளில் விழுந்து கருகியது. கூரையில் ஒட்டியிருந்த வெள்ளை வட்டம் ஒன்று காது கிழிய அலற ஆரம்பித்தது. இவர் பட்டு வேட்டியோடு நாற்காலி மேல் ஏறித் துண்டால் விசிற, காவ்யா காதைப் பொத்திக்கொண்டு அழ, ப்ரியா மட்டும் பதறாமல் தன் வீட்டுக்குப் போய், தலையில் தண்ணீர் படாமல் குளிக்கும்போது மாட்டுகிற பிளாஸ்டிக் உறை ஒன்றைக் கொண்டுவந்தாள். சமைக்கும்போது இதை அந்த வட்டத்துக்கு மாட்டிவிட வேண்டும், எல்லா இந்திய வீட்டிலும் இதுதான் வழி என்றாள். நெருப்பு வந்தால் சொல்வதற்கென்று வைத்த ஒன்றின் வாயைக் கட்டிவிட்டு அதன் கீழே பிள்ளையைத் தூங்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. தாளிக்கும்போதெல்லாம் வாசல் கதவைத் திறந்து வைத்தேன். எங்கள் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பது மாடிப்படி முழுக்கத் தெரிந்தது.

அந்த வாரமே இவர் ஒரு பிலிம் சுருள் முழுக்கப் படம் எடுத்தார். வெள்ளை அலமாரிகளுக்கு முன்னால் நான் பட்டுப்புடவையில், மேடை மேல் காவ்யா காலை ஆட்டிக்கொண்டு. படங்கள் ஈரோட்டுக்குப் போயின. கூட்டுக்குடும்ப வீடு எங்களுடையது. அங்கே இப்போது இருப்பது என் கொழுந்தனாரும் அவர் மனைவி சாந்தியும். சொந்தக்காரர் எல்லாருக்கும் சாந்தி அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறாள். சினிமாவில் வருகிற வீடுபோல் இருக்கிறது என்றார்களாம். படத்தில் எல்லாம் தெரிந்தது. வாடை மட்டும் தெரியவில்லை.

வாடை என்று நான் சொல்வது எதை என்றால், பள்ளியின் விலங்கியல் ஆய்வகத்தில் தவளையைப் போட்டு வைத்திருக்கும் ஜாடியைத் திறந்தால் கண்ணைக் கரிக்குமே, அதை. அலமாரிக் கதவைத் திறந்து முகத்தை உள்ளே நீட்டினால் அதன் மெல்லிய சாயல் ஒன்று வந்தது. மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திய பலகை. தரைவிரிப்புக்குக் கீழேயும் பசை. புதிதுதானே, போகப்போகச் சரியாகிவிடும் என்றார் இவர். போவதற்கு ஒரு வழி வேண்டாமா? கூடத்துக் கண்ணாடி திறக்காது. படுக்கையறைச் சன்னல்களைச் சட்டத்தோடு சேர்த்துச் சாயம் பூசி ஒட்ட வைத்திருந்தார்கள். குளிர்சாதனம் அதே காற்றைத்தான் குளிரவைத்துச் சுற்றியது, அடுப்புக்கு மேலே இருந்த பெட்டியைப் போலவே.

ஒரு மாதத்துக்குள் காவ்யாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. ஊரில் அவளுக்குச் சளி பிடிக்கும், போகும், இழுப்பு கிடையாது. ஈரோட்டில் சாயப்பட்டறைக் காற்றிலேயே வளர்ந்தவள் அவள். குழந்தை மருத்துவர் நல்லவர்தான். டெக்சாஸில் மரங்களின் மகரந்தம் பலருக்கு ஒத்துக்கொள்ளாது, தூசியாக இருக்கலாம், தரைவிரிப்பாக இருக்கலாம், பார்க்கலாம் என்றார். வாயில் வைத்து உறிஞ்சும் மருந்து கொடுத்தார். நான் கெல்லியிடம் போனேன். வீட்டில் ஒரு வாடை இருக்கிறது, சன்னல் திறக்கவில்லை, பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னேன். அவள் முகத்தில் பரிவு வந்தது. என் கையைத் தொட்டு, வாடை என்பது உங்கள் மசாலாவாக இருக்கலாம் அல்லவா, பக்கத்து வீட்டில்கூடச் சொன்னார்கள் என்றாள். போகும்போது வெனிலா மணக்கும் ஒரு தெளிப்பான் புட்டியைப் பரிசாகக் கொடுத்து அனுப்பினாள்.

இவருக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. "கொஞ்ச நாளைக்குத் தாளிக்காமத்தான் பாப்பமே மாலதி. நாம வந்தவங்க. இங்க இருக்கறாப்பலதான் இருந்துக்கோணும்." எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பிள்ளை விஷயம். வகுப்பில் நான் ஆண்டுதோறும் சொல்லிக் கொடுத்ததுதான்: எது வினைபுரிகிறது என்று தெரிய வேண்டுமானால் ஒன்றை மட்டும் நிறுத்து, மற்றதை அப்படியே விடு. நிறுத்தினேன். அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் கடுகு வெடிக்கவில்லை. மிளகாய் வறுபடவில்லை. அவித்த காய், ரொட்டி, தாளிக்காத தயிர்சாதம். பிள்ளை தட்டைப் பார்த்துவிட்டு, "அம்மா, ஜஸ்ட் ரசம்?" என்று, அதையாவது வைக்கக்கூடாதா என்பதுபோல் கேட்கும். இழுப்பு குறையவில்லை. கூடத்தான் செய்தது. குளிர் தொடங்கி, சூடேற்றும் இயந்திரத்தை முதல்முறை ஓடவிட்ட வாரத்தில் வீட்டுக்குள் அந்த ஜாடி வாடை எனக்கே தொண்டையில் நின்றது.

அந்த வாரத்தில் ஒரு பிற்பகல். பள்ளி விட்டு வந்த காவ்யா தரைவிரிப்பில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பென்சில் சத்தம் நின்றது. திரும்பினால் எழுந்து உட்கார்ந்து தோளை உயர்த்தி உயர்த்தி இழுக்கிறாள். மருந்தை வாயில் வைத்தேன். உறிஞ்ச முடியவில்லை. "அம்மா, ஐ கேன்ட் ப்ரீத்" என்றாள். வந்த சில மாதத்துக்குள் அவள் பேச்சு ஆங்கிலத்துக்கு மாறியிருந்தது. அதைப் பற்றி அதுவரை எவ்வளவோ கவலைப்பட்டிருந்தேன். அந்த நிமிடம் அவள் எந்த மொழியில் பேசினாலும் போதும், பேசினால் போதும் என்றிருந்தது. உதட்டோரம் நீலம் பாய்ந்ததைப் பார்த்தேன். அவசர எண்ணை அழைத்தேன். மூச்சு விடுகிறாளா என்று அந்தப் பக்கத்துப் பெண் கேட்டாள். பதினெட்டு வருடம் பாடம் நடத்திய வாய். உளறியது. விடுகிறாள், விசில் மாதிரி விடுகிறாள் என்று ஏதோ சொன்னேன். அவர்கள் வரும்வரை அந்த அறைக்குள் நிற்க முடியவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் படியிறங்கிப் புல்தரையில் போய் உட்கார்ந்தேன். நல்ல குளிர். மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். ப்ரியா சத்தம் கேட்டு ஓடிவந்து தன் சுவெட்டரைக் கழற்றிக் குழந்தைக்குப் போர்த்தினாள். ஆம்புலன்ஸ் வந்தது. ஆனால் அவர்கள் பிராணவாயு வைப்பதற்கு முன்னாலேயே, அந்தப் புல்லில், தோள் ஏறி இறங்குவது ஒரு துளி தணிந்ததை என் கை உணர்ந்தது.

குளிர்காற்று இழுப்பைக் கூட்டத்தான் செய்யும் என்றார் மருத்துவர். இவளுக்கு ஏன் தணிந்தது என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது, நிமிர்ந்து உட்கார்ந்ததாலும் இருக்கலாம், முதலில் கொடுத்த மருந்தாலும் இருக்கலாம் என்றார். அவர் படித்தவர், உறுதியில்லாததைச் சொல்ல மாட்டார். நானும் படித்தவள்தான். நானும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் முடிவு செய்துவிட்டேன். மருத்துவமனையிலிருந்து வந்த மறுநாள் காலையில், பிள்ளையை ப்ரியா வீட்டுப் பால்கனியில் உட்கார வைத்துவிட்டு, இவரையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன்.

வழியெல்லாம் இவர் கெஞ்சிக்கொண்டே வந்தார். விசா வேலையோடு கட்டியது, கையெழுத்துப் போட்டுக் குடிவந்தாயிற்று, சண்டை போட்டுப் பேர் கெட்டால் வேறு எங்கே வீடு கொடுப்பார்கள் என்று. "நாம வந்தவங்க மாலதி" என்றார் மறுபடியும். "வந்தவங்கன்னா மூச்சு உடக்கூடாதுங்களா?" என்றேன்.

கெல்லியிடம் எனக்கு ஒரிஜினல் வீடு வேண்டும் என்றேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். வாடகைக்குச் சிரமமாக இருந்தால் வெட்கப்பட வேண்டாம், பேசி ஏதாவது செய்யலாம் என்றாள். அவள் கண்ணில் நிஜமான இரக்கம். எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, இதே வாடகையை வாங்கிக்கொள், பழைய வீட்டைக் கொடு என்றேன். அவள் உள்ளே போய் மேலாளரை அழைத்துவந்தாள். மேலே போக வழியிருக்கும்போது கீழே போக ஏன் ஆசைப்படுகிறீர்கள் என்று அவர் கேட்டார். அங்கே சன்னல் திறக்குமா என்று நான் கேட்டேன். திறக்கும், ஆனால் அது பழைய வீடு என்றார். சாவியை எடுங்கள் என்றேன். மாடல் வேண்டாம், நான் குடியிருக்கப் போகிற வீட்டின் சாவி.

பின்பக்கக் கட்டடத்தில் அந்த வீடு. இனி வீடு பார்க்கப் போகிறவர்கள் நான் அன்று செய்ததைச் செய்யுங்கள், யார் சிரித்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு சன்னலையும் என் கையால் திறந்து மூடினேன். ஒவ்வொரு அலமாரிக்குள்ளும் தலையை விட்டு முகர்ந்தேன்; பழைய மர வாசனை, கொஞ்சம் பூச்சிமருந்து, அவ்வளவுதான். சமையலறையில் தொட்டிக்கு மேலே நீளவாட்டில் ஒரு சன்னல். அடுப்புக்கு மேலே, விசிறி வைத்த துருப்பிடித்த ஒரு புகைக்கூண்டு. இவரைக் கீழே அனுப்பி, வெளிச்சுவரில் புகை வெளியேறும் துளையின் மூடியைப் பார்க்கச் சொல்லிவிட்டு விசிறியைப் போட்டேன். கீழேயிருந்து, "தட்டு மேல தூக்குது மாலதி, காத்து வெளிய வருது" என்று இவர் குரல் கேட்டது. இவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை இந்த நாட்டுக்கு வந்த பிறகு நான் கேட்டதில்லை. மேலாளரும் கெல்லியும் வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் என்ன சோதிக்கிறோம் என்பது கடைசிவரை அவர்களுக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை.

அங்கே பால் காய்ச்சினோம், வழியவிட்டோம். எதுவும் அலறவில்லை. ரசத்துக்குத் தாளித்தேன். காவ்யாவுக்கு இழுப்பு முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வசந்தத்தில் மரங்கள் பூக்கும்போது இன்றும் வரும், மருந்து கைப்பையிலேயே இருக்கிறது. ஆனால் அந்தப் பிற்பகல் திரும்ப வரவில்லை. நம்மவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். தாளிப்பதற்காக வெட்கப்பட்டு, வாடையை மறைக்க வாசனை மெழுகுவத்தி ஏற்றாதீர்கள். நம் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். புகையை வெளியே அனுப்பத் தெரியாமல் வீட்டைக் கட்டியவர்கள் வெட்கப்படட்டும். அந்தக் கோபத்தோடு நான் எப்போதும் தயாராகவே இருந்தேன். ஒருநாள் கார் நிறுத்துமிடத்தில் கீழ்வீட்டு வயதான அம்மாள் என்னைக் கைகாட்டி நிறுத்தினார். அவர் வாயைத் திறப்பதற்குள், அது கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம், தினமும் செய்வேன், நிறுத்த மாட்டேன் என்று ஒப்பித்துவிட்டேன். அவர் கண்களை இடுக்கிப் பார்த்துவிட்டு, பள்ளிப் பேருந்து போய்விட்டதா என்று கேட்கத்தான் கூப்பிட்டேன் என்றார். பேரனை அனுப்ப வேண்டுமாம்.

ஒரு வருடம் கழிந்தது. இரண்டாயிரம் பிறந்தது, கணினிகள் குழம்பவில்லை, இவர் வேலையும் எப்படியோ நீடித்தது. பின்பக்கக் கட்டடத்தையும் புதுப்பிக்கப் போவதாகப் பேச்சு வந்தது. ஒருநாள் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினால் என் சமையலறைச் சன்னலில் வெளிப்பக்கமிருந்து நீல நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கல் குறிபோல ஒட்டியிருந்தார்கள். இந்தச் சன்னலை அடைக்க வேண்டும் என்று வேலையாட்களுக்கு அடையாளம். ஏணி கேட்டு வாங்கி ஏறி அதை உரித்தேன். நாலு நாளில் மறுபடி ஒட்டினார்கள். மறுபடி உரித்தேன். மூன்றாம்முறை, நாடாவை உருண்டையாகச் சுருட்டிக் கொண்டுபோய்க் கெல்லியின் மேஜையில் வைத்தேன். கூடவே காவ்யாவையும் கூட்டிப் போயிருந்தேன். நீங்கள் சொல்லாமல் வீட்டில் கைவைக்க மாட்டோம், ஆனால் ஒப்பந்தம் முடிந்தால் எல்லா வீடும் பிரீமியம்தான் என்றாள் கெல்லி. அப்படியானால் ஒப்பந்தத்தை இரண்டு வருடத்துக்கு நீட்டி எழுதுங்கள் என்றேன். வீட்டில் வந்து சொன்னதும் இவர் திகைத்துப் போய்விட்டார். அடுத்த ஆறு மாதத்தில் எந்த ஊரில் இருப்போம் என்றே தெரியாத பிழைப்பு எங்களுடையது. "ரெண்டு வருஷம் இங்கதான்னு முடிவே பண்ணிட்டயா?" என்றார். முடிவு செய்தது அந்தச் சன்னலுக்காகத்தான். அதற்காக ஒரு நாட்டில் தங்குவார்களா என்றால், தங்கினோம்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போவதாக ஏற்பாடு. வந்த பிறகு முதல் பயணம். போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை சாந்தி தொலைபேசியில் கூப்பிட்டாள். அங்கே மாலை. குரலில் ஒரே துள்ளல்.

"அக்கா, சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன், முடியலீங்க. நம்ம சமையக்கட்டை இடிச்சுப் புதுசாப் பண்ணியாச்சு. நீங்க அனுப்புன போட்டோவை ஆசாரிகிட்டக் குடுத்தம்ங்க. அச்சு அசல் அதேமாதிரி. வெள்ளைக் கபோர்டு, சுவரு எடுத்தாச்சு, எல்லாமே. காவ்யா வந்தா அமெரிக்காவுல இருக்கறாப்பலயே இருக்கோணும் பாருங்க."

"சன்னலு?" என்றேன்.

"அது எதுக்குங்கக்கா. அந்த எடத்துலதான் பெரிய கபோர்டே வருது. அடைச்சாச்சு."

"பொகை எங்க போகுது சாந்தி?"

"மேல பொட்டி வெச்சிருக்குதுங்க, கோயமுத்தூர்ல வாங்குனது. போட்டோவுல இருக்கறாப்பலயே. ஆனா என்னன்னு தெரியலீங்கக்கா, உள்ளயேதான் சுத்துது."

அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? என் மகளுக்காகத்தான் செய்தாள். ஆசாரியிடம் படம் இருந்தது. அந்தப் படத்துக்குள் நின்று சிரித்துக்கொண்டிருந்தது நாங்கள். ஈரோட்டுச் சன்னலை நான் ஒருநாளும் கொண்டாடியதில்லை. அதைத் திறந்தால் தெரிவது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் பாசி பிடித்த சுவரும். கம்பியெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. துடைத்து மாளாது என்று பத்து வருடம் அதைத் திட்டியிருக்கிறேன். இருந்தும், பிள்ளை மறுபடி அந்தப் பெட்டிக்குக் கீழே போய் உட்காரப் போகிறாள் என்று நினைத்ததும் புல்தரையின் குளிர் காலில் ஏறியது. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த காவ்யா, "இஸ் இட் லைக் த ஓல்டு ஹவுஸ், அம்மா?" என்று கேட்டாள். எந்தப் பழைய வீடு என்று அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"சாந்தி, நீ வருத்தப்பட்டாலும் சரி. நாங்க வர்றதுக்குள்ள அந்தச் சன்னலை மறுபடி வெச்சிரு" என்றேன். "கபோர்டு போனாப் போகுது. இல்லீன்னா நான் வந்து சுத்தியலை எடுத்துருவேன்."

சாந்தியின் துள்ளல் அடங்கிவிட்டது. பிறகு மெதுவாக, "சட்டத்தைத் தூக்கிப் போடலீங்கக்கா. மொட்டை மாடியில சாத்தி வெச்சிருக்குது" என்றாள். வைக்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

இதை எழுதும்போது மாலை வெயில் என் சமையலறைச் சன்னலில் நேராக விழுகிறது. நீல நாடாவை உரித்தாலும் அதன் பசை போகவில்லை. எவ்வளவு தேய்த்தும் கண்ணாடியில் அந்தப் பெருக்கல் குறி இருக்கிறது. வெயில் பட்டால் மட்டும் தெரியும். அதன் நிழல் மஞ்சள் தரையில் நீளமாக விழுந்து என் கால்மேல் கிடக்கிறது. ஈரோட்டில் இந்நேரம் விடிந்திருக்கும். நான் தப்பி ஓடிவந்த சமையலறை அங்கே என் வீட்டுக்குள் வெள்ளையாக நின்றுகொண்டிருக்கும். என் சன்னல் மொட்டை மாடியில் சுவரில் சாய்ந்து, கம்பிகளோடு, வெறும் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். இங்கே கடுகு வெடிக்கிறது. புகை வெளியே போகிறது.